வாக்கெடுப்பும் வாடகை வீடும்: கனடிய நாடாளுமன்றம் பணம் ஒதுக்கும் விதம்

2025 நவம்பர் 17, திங்கட்கிழமை மாலை. ஒட்டாவாவில் கனடிய நாடாளுமன்றத்தின் கீழவை, மார்க் கார்னி அரசின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 170க்கு 168 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. 343 உறுப்பினர்களைக் கொண்ட அவை அது. சபாநாயகர் வாக்களிக்கவில்லை. நான்கு பேர் எந்தப் பக்கமும் சேராமல் விலகிக்கொண்டார்கள்: கன்சர்வேட்டிவ் கட்சியில் இருவர், புதிய ஜனநாயகக் கட்சியில் இருவர். ஏப்ரல் 28 அன்றுதான் பொதுத்தேர்தல் முடிந்திருந்தது. அரசு தோற்றிருந்தால் ஓராண்டு நிறைவதற்குள் நாடு மறுபடி வாக்குச்சாவடிக்குப் போயிருக்கும்.

லிபரல் கட்சிக்கு அந்த நேரத்தில் இருந்தவர்கள் 170 பேர். அதில் ஒருவர் சபாநாயகர் பிரான்சிஸ் ஸ்கார்பலெஜ்ஜியா. ஆக, கையில் இருந்தது 169. அந்த 169இல் கரி ஆனந்தசங்கரி, யுவனிதா நாதன் என்ற இரு தமிழ் வம்சாவளி உறுப்பினர்களும் அடக்கம். மிச்சமிருந்த ஒரு வாக்கைத் தந்தவர் பசுமைக் கட்சியின் ஒரே உறுப்பினரான எலிசபெத் மே. அன்று பிற்பகல் கேள்வி நேரத்தில் அவர் எழுந்து, பாரிஸ் பருவநிலை உடன்பாட்டில் கனடா நிலைத்து நிற்குமா என்று பிரதமரைக் கேட்டார். நிற்கும் என்று கார்னி அவையில் உறுதி சொன்னார். அதன் பிறகே மே அரசுக்கு ஆதரவாக வாக்களித்தார். அவர் எதிர்த்திருந்தால் இரு பக்கமும் 169 ஆகி, முடிவு சபாநாயகர் கைக்குப் போயிருக்கும். கனடாவின் கேள்வி நேரம் நாளுக்கு 45 நிமிடம். ஒரு கேள்விக்கும் ஒரு பதிலுக்கும் தலா 35 விநாடி. பெரும்பாலும் கூச்சலில் கழியும் அந்த நேரத்தில், ஒரு பதில் ஓர் அரசைக் காப்பாற்றியதை அன்று பார்க்க முடிந்தது.

வாக்களிக்காமல் விலகிய இரு புதிய ஜனநாயகக் கட்சியினரில் ஒருவர் லோரி இட்லௌட். அவர் நூனவுட் பிரதேசத்தின் ஒரே உறுப்பினர். வடதுருவத்தை ஒட்டிய அந்தப் பனிநிலத்தில் வீட்டுப் பஞ்சம் நாட்டின் வேறெந்தப் பகுதியையும்விடக் கடுமையானது. இனுயிட் மக்களின் தாயகப் பகுதிகளில் பாதிக்கு மேற்பட்டோர் நெரிசலான வீடுகளில் வசிக்கிறார்கள் என்று 2021 குடிக்கணக்கு காட்டியது. ஒரு கூரையின் கீழ் மூன்று தலைமுறை; முறைவைத்துத் தூங்கும் பிள்ளைகள்; எளிதில் பரவும் காசநோய். அந்த மக்களின் பிரதிநிதி, எதிர்த்தால் அரசு கவிழும், ஆதரித்தால் கட்சி நிலைப்பாடு உடையும் என்ற இடத்தில் நின்றார்.

இவ்வளவு பதற்றத்துடன் நடந்த அந்த வாக்கெடுப்பின் தீர்மானத்தில் ஒரு டாலர் தொகைகூடக் குறிப்பிடப்படவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அரசின் வரவு செலவுக் கொள்கையை இந்த அவை பொதுவாக ஏற்கிறது என்பதுதான் அதன் சாரம். பணத்தைக் கருவூலத்திலிருந்து எடுக்கும் அதிகாரம் அதில் இல்லை. அந்த அதிகாரம் வேறு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, திட்டத்தைச் சட்டமாக்கும் அமலாக்க மசோதா; சி-15 என்ற எண்ணுடன் அது மறுநாளே அவையில் வைக்கப்பட்டது. மற்றொன்று, துறைவாரியான மானியக் கோரிக்கைகளும் அவற்றை நிறைவேற்றும் நிதி மசோதாக்களும். முதல் வாக்கு அரசு பிழைக்குமா என்பதைச் சொல்கிறது. வீடு கட்டப்படுமா என்பது மற்ற இரண்டில் இருக்கிறது. கேமராக்கள் முதல் வாக்கோடு கிளம்பிவிடுகின்றன.

கனடிய நாடாளுமன்றம் வீட்டுப் பிரச்சினையை அணுகிய வரலாற்றைப் பின்தொடர்ந்தால் ஒரு தலைகீழ் நிலை புலப்படுகிறது. நூலிழையில் முடிந்த வாக்கெடுப்புகள் வீட்டு நிலைமையைக் கொஞ்சமே மாற்றின. பெரிய மாற்றத்தைச் செய்த வாக்கு, முடிவு முன்கூட்டியே தெரிந்த ஒரு சாதாரண நாளில் பதிவானது. அதை இந்தக் கட்டுரை காட்ட முயல்கிறது.

தேவையும் ஒதுக்கீடும்

முதலில் தேவையின் அளவு. கனடா அடமான, வீட்டுவசதிக் கழகம் 2025 ஜூனில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வீட்டுச் செலவை 2019இல் இருந்த நிலைக்காவது இறக்க வேண்டுமானால் 2035 வரை ஆண்டுக்கு 4,30,000 முதல் 4,80,000 வீடுகள் கட்டத் தொடங்க வேண்டும். 2024இல் தொடங்கியவை சுமார் 2,45,000. கிட்டத்தட்ட இரட்டிப்பாக்க வேண்டும் என்று பொருள். தேர்தலின்போது லிபரல் கட்சி ஆண்டுக்கு 5 லட்சம் வீடுகள் என்ற இலக்கை அறிவித்தது. அதற்கான கருவியாக 2025 செப்டம்பரில் ‘பில்ட் கனடா ஹோம்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கி, 1,300 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தது. நவம்பர் வரவு செலவுத் திட்டம் அந்தத் தொகையை ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பிவைத்தது. அதே திட்டத்தில் அவ்வாண்டின் பற்றாக்குறை 7,830 கோடி டாலர்.

அந்த 1,300 கோடியால் எத்தனை வீடு வரும்? நாடாளுமன்ற பட்ஜெட் அதிகாரியின் அலுவலகம் 2025 டிசம்பரில் கணக்கிட்டுச் சொன்னது: ஐந்து ஆண்டுகளில் கூடுதலாகச் சுமார் 26,000. ஆண்டுக்கு ஐயாயிரத்துச் சொச்சம். இடைவெளியோ ஆண்டுக்கு இரண்டு லட்சத்தைத் தொடுகிறது. இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும் மனம் கனக்கும். ஆனால் இந்தக் கணக்கு வெளிவந்தபோது வாக்கெடுப்பு முடிந்து இரண்டு வாரம் கடந்திருந்தது. உறுப்பினர்கள் வாக்களித்த பிறகுதான், எதற்கு வாக்களித்தோம் என்ற கணக்கு அவர்கள் மேசைக்கு வந்தது.

எதிர்க்கட்சிகள் சொன்ன மாற்றுகளையும் நியாயமாகப் பதிவுசெய்ய வேண்டும். கட்டுபவர் மீது அரசு ஏற்றிவைத்த சுமையே விலையை உயர்த்துகிறது, அதை இறக்கினால் சந்தையே வீடு கட்டிக்கொள்ளும் என்பது பியேர் பொலியெவ் தலைமையிலான கன்சர்வேட்டிவ் வாதம். 13 லட்சம் டாலருக்கு உட்பட்ட எல்லாப் புதிய வீடுகளுக்கும் 5% கூட்டாட்சி விற்பனை வரியை நீக்கச் சொல்கிறார்கள். அரசு அதைச் சுருக்கி, முதன்முறை வாங்குபவருக்கு மட்டும், 10 லட்சம் டாலர் வரையிலான புதிய வீட்டுக்கு முழு விலக்கு என்று வைத்தது. அதிகபட்சச் சலுகை 50,000 டாலர். புளொக் கியூபெக்வா கட்சிக்கு வீட்டுவசதி மாகாண விவகாரம். பணத்தை நிபந்தனையின்றித் தந்துவிட்டு விலகு என்பது அதன் நிலை. சந்தைக்கு வெளியே, கூட்டுறவாகவும் லாபநோக்கற்ற அமைப்புகள் மூலமாகவும் வாடகை வீடு கட்டவேண்டும் என்பது புதிய ஜனநாயகக் கட்சியின் நீண்டகாலக் குரல்.

இந்த விவாதம் முழுவதும் ஒரு கேள்வியைச் சுற்றிச்சுற்றி வந்து, அதைத் தொடாமல் நகர்ந்துவிடுகிறது. வீட்டு விலை குறைய வேண்டுமா? 2025 மே மாதம் வீட்டுவசதி அமைச்சராகப் பொறுப்பேற்ற கிரெகர் ராபர்ட்சனிடம் பத்திரிகையாளர்கள் இதை நேராகவே கேட்டார்கள். முன்பு பத்தாண்டு வான்கூவர் மேயராக இருந்தவர் அவர். இல்லை, வீடுகளின் எண்ணிக்கை கூட வேண்டும் என்ற பொருளில் பதில் சொன்னார். பலத்த கண்டனம் எழுந்தது. ஆனால் அந்தப் பதிலின் பின்னால் உள்ள அரசியல் கணக்கு எல்லாக் கட்சிக்கும் பொது. 2021 குடிக்கணக்கின்படி கனடியக் குடும்பங்களில் 66.5% சொந்த வீட்டில் இருக்கின்றன. அவர்களில் பலருக்கு அந்த வீடுதான் ஓய்வூதியம், அதுதான் பிள்ளைகளின் படிப்புச் செலவு. மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர் விலை இறங்குவதைக் கண்டு அஞ்சும் நாட்டில், மூன்றில் ஒரு பங்கு வாடகைக்காரருக்காக எந்த அமைச்சர் விலையை இறக்குவேன் என்று துணிந்து சொல்வார்? சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. குறைந்தபட்சம், வருமானம் உயரும் வேகத்தைவிட விலை மெல்ல உயரும்படி எத்தனை ஆண்டு பிடித்துவைப்போம் என்றாவது அவையில் எண் வைத்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாதவரை, கட்டுப்படியாகும் விலை என்ற சொற்றொடரைக் கட்சிகள் தங்கள் வசதிக்கேற்ப நீட்டிக்கொண்டும் சுருக்கிக்கொண்டும் போகும்.

2005 மே 19

இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதைவிட நெருக்கமான ஒரு நாள் இருந்தது. அன்று பிரதமர் பால் மார்ட்டின். அவருடையதும் சிறுபான்மை லிபரல் அரசு. ஊழல் விசாரணையில் கட்சியின் பெயர் கெட்டிருந்தது. புதிய ஜனநாயகக் கட்சித் தலைவர் ஜாக் லேட்டன், அரசைக் காக்க ஒரு விலை கேட்டார். டொரொன்டோ நகரசபையில் நெடுங்காலம் இருந்தவர், வீடற்றோர் நிலை பற்றிப் புத்தகமே எழுதியவர். பெருநிறுவன வரிக்குறைப்பைத் தள்ளிவை, அந்தப் பணத்தை மக்களுக்குச் செலவிடு என்றார். மார்ட்டின் ஒப்புக்கொண்டார். அதன் விளைவாக வந்தது சி-48 மசோதா. மொத்தம் 450 கோடி டாலர்: கட்டுப்படியாகும் வீடுகளுக்கு 160 கோடி, உயர்கல்வி மற்றும் பயிற்சிக்கு 150 கோடி, பொதுப் போக்குவரத்து உள்ளிட்ட சுற்றுச்சூழல் பணிகளுக்கு 90 கோடி, அயல்நாட்டு உதவிக்கு 50 கோடி. மிகப்பெரிய பங்கு வீட்டுக்குத்தான். அதிலும் பூர்வகுடியினருக்கான வீடுகள் தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்தன. இரண்டு பக்கம் தாண்டாத அந்த மசோதாவில் தொகையும் நோக்கமும் மட்டுமே இருந்தன.

மே 17 அன்று கன்சர்வேட்டிவ் உறுப்பினர் பெலிண்டா ஸ்ட்ரோனாக் லிபரல் பக்கம் வந்து அமைச்சரானார். இரண்டு நாள் கழித்து வாக்கெடுப்பு. முதலில் பிரதான பட்ஜெட் மசோதா சி-43. கன்சர்வேட்டிவ் கட்சியும் ஆதரித்ததால் 250க்கு 54 என்று எளிதாகக் கடந்தது. அடுத்து சி-48. எல்லாக் கண்களும் சக் கேட்மன் மீது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சர்ரே நார்த் தொகுதியிலிருந்து சுயேச்சையாக வென்றவர். தோல் புற்றுநோயுடன் போராடிக்கொண்டிருந்தார். தொகுதி மக்களிடம் கேட்டுப் பார்த்தார். உடனே தேர்தல் வேண்டும் என்று பெரும்பாலோர் நினைக்கவில்லை. நாட்டின் மேற்குக் கோடியிலிருந்து ஒட்டாவாவுக்கு வந்து எழுந்து நின்று அரசுக்கு ஆதரவாக வாக்களித்தார். கணக்கு 152க்கு 152.

சபாநாயகர் பீட்டர் மில்லிகன் எழுந்தார். கனடிய வரலாற்றில் நம்பிக்கை சம்பந்தப்பட்ட ஒரு வாக்கெடுப்பில் சபாநாயகர் சமநிலையை முறித்தது அதுவே முதல் முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் மரபு ஒன்றைப் பின்பற்றி அவர் முடிவெடுத்தார். மேலும் விவாதிக்க வாய்ப்பு இருக்குமானால் சபாநாயகரின் வாக்கு விவாதத்தைத் தொடரவே பயன்பட வேண்டும். இறுதி முடிவை அவை உறுப்பினர்களே எடுக்க வேண்டும். அது இரண்டாம் வாசிப்பு என்பதால் மசோதா மேலே போகட்டும் என்று ஆதரவாக வாக்களித்தார். 160 கோடி டாலர் வீட்டுப் பணம் அன்று பிழைத்ததற்கு வீடு பற்றிய எந்த வாதமும் காரணமில்லை. ஒரு நோயாளியின் பயணமும் ஒரு பழைய மரபும்தான் காரணம். ஜூன் 23 இரவு மூன்றாம் வாசிப்பு 152க்கு 147 என முடிந்தது. ஜூலை 9 அன்று கேட்மன் இறந்தார். ஜூலை 20 அன்று மசோதா சட்டமானது.

பிறகு நடந்ததைத்தான் வரலாற்று நூல்கள் அவசரமாகக் கடந்துவிடுகின்றன. சி-48 பணம் தரும்படி அரசைக் கட்டாயப்படுத்தவில்லை. தரலாம் என்று அனுமதித்தது. ‘இத்தொகைக்கு மிகாமல்’ என்ற வரம்பும் இருந்தது. 2005–06, 2006–07 நிதியாண்டுகளில் உபரி 200 கோடி டாலரைத் தாண்டினால் தாண்டிய பகுதியிலிருந்து மட்டுமே செலவிடலாம். ஆண்டு முடிந்து கணக்கு மூடினால்தான் உபரி எவ்வளவு என்று தெரியும். அதற்குள் 2005 நவம்பர் 28 அன்று அரசு கவிழ்ந்தது. 2006 ஜனவரித் தேர்தலில் வென்று ஸ்டீவன் ஹார்ப்பர் தலைமையில் கன்சர்வேட்டிவ் கட்சி ஆட்சிக்கு வந்தது. சி-48ஐ மூர்க்கமாக எதிர்த்த அதே கட்சி, 2006 மே பட்ஜெட்டில் அந்தச் சட்டத்தின் அனுமதியைப் பயன்படுத்தி வீட்டுக்கு 140 கோடி டாலர் ஒதுக்கியது. மாகாணங்களுக்கு 80 கோடி, வடக்குப் பிரதேசங்களுக்கு 30 கோடி, காப்பு நிலங்களுக்கு வெளியே வசிக்கும் பூர்வகுடியினர் வீடுகளுக்கு 30 கோடி. எதிர்த்து வாக்களித்தவர்கள் கையாலேயே பணம் போய்ச் சேர்ந்தது. இதற்காக ஹார்ப்பர் அரசுக்கு உரிய பாராட்டைத் தயங்காமல் தர வேண்டும்.

ஆனால் பணம் போன பாதையைப் பாருங்கள். அது அறக்கட்டளை நிதியாக மாகாணங்களிடம் விடப்பட்டது. எத்தனை வீடு, எந்த வருமானக்காரருக்கு, எந்த வாடகைக்கு என்று ஒட்டாவாவுக்குக் கணக்குக் காட்டும் இறுக்கமான கட்டாயம் இல்லை. வடக்கின் 30 கோடியில் 20 கோடி நூனவுட்டுக்குப் போனது. சுமார் 700 வீடுகள் கட்டும் திட்டம் தொடங்கியது. கோடையின் சில வாரங்களில் மட்டும் கப்பல் வரும் ஊர்களுக்கு மரமும் ஆணியும் தெற்கிலிருந்து போக வேண்டும். உறைந்த மண்ணில் அடித்தளம் போட வேண்டும். செலவு மதிப்பீட்டைப் பெருமளவு தாண்டி, பிரதேச அரசைப் பெரும் சங்கடத்தில் தள்ளியது. 152க்கு 152 என்ற அந்த இரவு தந்த பணம் பனிநிலத்தில் பலகையும் சுவருமாக மாறவே பல ஆண்டு பிடித்தது. கட்டியதும் பற்றாக்குறையை மூடவில்லை. 2025இல் லோரி இட்லௌட் விலகி நின்றதன் பின்னணியில் இந்த மூடாத பற்றாக்குறை இருக்கிறது.

முடிவு தெரிந்த வாக்கு

இன்றைய நெருக்கடியின் வேர் 1993 ஏப்ரல் 26இல் இருக்கிறது. முற்போக்குக் கன்சர்வேட்டிவ் அரசின் நிதியமைச்சர் டான் மசான்கவ்ஸ்கி அன்று வைத்த பட்ஜெட், அரசு உதவியுடன் குறைந்த வாடகைக்குத் தரப்படும் சமூக வீடுகளைப் புதிதாகக் கட்டக் கூட்டாட்சிப் பணம் தருவதை நிறுத்தியது. பூர்வகுடிக் காப்பு நிலங்கள் மட்டும் விலக்கு. அரசுக்கு அறுதிப் பெரும்பான்மை இருந்ததால் பட்ஜெட் கடப்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பற்றாக்குறையைக் குறைப்பதே அன்றைய பெருங்கவலை. தலைமை மாற்றம் நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டவிருக்கும் வீடுகளை நிறுத்தும்போது தெருவில் யாரும் கூடுவதில்லை, ஏனென்றால் அவற்றில் குடியேறப் போகிறவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியாது. வெட்டும் அரசுகளுக்கு மூலதனச் செலவு எப்போதும் பிரியமாக இருப்பது இதனால்தான்.

என்ன நிறுத்தப்பட்டது என்பதை அறிய இன்னும் இருபது ஆண்டு பின்னே போக வேண்டும். 1972 தேர்தலில் லிபரல் 109, முற்போக்குக் கன்சர்வேட்டிவ் 107. டேவிட் லூயிஸ் தலைமையிலான புதிய ஜனநாயகக் கட்சியின் ஆதரவில் நின்ற பியேர் ட்ரூடோ அரசு, 1973இல் தேசிய வீட்டுவசதிச் சட்டத்தைத் திருத்தியது. கூட்டுறவுச் சங்கங்களுக்கும் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் நகரசபைகளுக்கும் சலுகைக் கடன் கிடைத்தது. டொரொன்டோவின் ஏரிக்கரையை ஒட்டிய பாழடைந்த தொழிற்பேட்டை நிலத்தில், மேயர் டேவிட் கிராம்பி காலத்து நகரசபை தொடங்கிய செயின்ட் லாரன்ஸ் குடியிருப்பு அப்படி எழுந்ததுதான். கூட்டுறவு வீடும் சந்தை விலை வீடும் அடுத்தடுத்த கதவாக அமைந்தன. 1970களின் இறுதியில் ஆட்கள் குடியேறத் தொடங்கினார்கள். இன்றும் நகரின் நடுவே நடுத்தரக் குடும்பங்கள் குடியிருக்கும் அரிய இடம் அது. பக்கத்துத் தெருவில் வாடகை பலமடங்கு ஏறியபோதும் கூட்டுறவு வீடுகளின் மாதக் கட்டணம் அதோடு ஓடவில்லை. சந்தைக்கு வெளியே ஒரு வீடு இருப்பதன் பலன் நாற்பது ஆண்டு கழித்துத்தான் முழுதாகத் தெரிகிறது. கட்டாமல் விட்டதன் இழப்பும் அப்படியே.

1993 வெட்டை எதிர்க்கட்சியாக இருந்த லிபரல்கள் மாற்றுவார்கள் என்று பலர் நம்பினார்கள். நம்பக் காரணம் இருந்தது. 1990இல் அக்கட்சியின் வீட்டுவசதிப் பணிக்குழு அரசின் பின்வாங்கலைக் கடுமையாகச் சாடி, வீட்டை அடிப்படை உரிமையாகக் கருதச் சொன்னது. அந்தக் குழுவின் இணைத் தலைவர்கள் பால் மார்ட்டினும் ஜோ ஃபொன்டானாவும். 1993 இறுதியில் லிபரல் ஆட்சி வந்தது, நிதியமைச்சரானார் மார்ட்டின். நிறுத்தியதை அவர் மீண்டும் தொடங்கவில்லை. 1996 பட்ஜெட்டில், ஏற்கெனவே இருந்த சமூக வீடுகளின் நிர்வாகத்தையும் மாகாணங்களிடம் தள்ளிவிட முடிவானது. ஒன்டாரியோ அதை நகரசபைகளின் தலையில் கட்டியது. சொத்துவரியை நம்பியிருக்கும் நகரங்கள், ஒழுகும் கூரைகளும் பழுதான லிஃப்ட்டுகளும் நிறைந்த பல்லாயிரம் வீடுகளுக்குப் பொறுப்பாளி ஆயின.

அதே மார்ட்டின்தான் 2005இல் லேட்டனின் 160 கோடிக்கு ஒப்புக்கொண்ட பிரதமர். அதே ஃபொன்டானாதான் அந்த அரசின் வீட்டுவசதி அமைச்சர். இதைத் தனிமனிதரின் பலவீனம் என்று மட்டும் படித்தால் பயனில்லை. எதிர்க்கட்சி வரிசையில் கொள்கையாக இருந்தது பெரும்பான்மை கிடைத்ததும் செலவாகத் தெரிந்தது. பெரும்பான்மை போனதும் மீண்டும் கொள்கையானது. 1973, 2005 இரண்டுமே சிறுபான்மை அவைகள். வாடகைக்காரரின் வாக்கு தனியாக ஓர் அரசை அமைக்கப் போதாது. ஆனால் ஒரு சிறு கட்சியின் கையிலிருக்கும் சில இடங்கள் வழியாக அது பேரம் பேசும் வலிமை பெறுகிறது. 2025இல் புதிய ஜனநாயகக் கட்சி ஏழு இடங்களாகச் சுருங்கியிருந்தது. தேர்தலைச் சந்திக்கும் நிலையில் இல்லாத கட்சியால் விலை கேட்க முடியவில்லை. நவம்பர் 17 அன்று பேரம் பேசி வாங்கப்பட்ட ஒரே வாக்கு பருவநிலைக்கானது. வீட்டுக்காக எவரும் பேரம் பேசவில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஒட்டாவாவுக்குக் கீழே

நாடாளுமன்றம் பணம் தரலாம். நிலத்தில் என்ன கட்டலாம் என்று சொல்ல அதனால் முடியாது. சொத்துரிமையும் நகராட்சியும் அரசமைப்பின்படி மாகாண அதிகாரம். தெருவில் எத்தனை மாடி, எத்தனை வாசல் என்பதை நகரசபைகள் முடிவுசெய்கின்றன. டொரொன்டோவில் ஒரு தனிவீடு கட்ட நகரசபைக்குச் செலுத்த வேண்டிய மேம்பாட்டுக் கட்டணம் மட்டும் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் அந்தப் பணம் வேண்டும் என்பது நகரத்தின் நியாயம். இந்தத் தடையைத் தாண்ட ஒட்டாவா 400 கோடி டாலரில் ஒரு துரிதப்படுத்தும் நிதியை உருவாக்கி, விதிகளைத் தளர்த்தும் நகரங்களுக்கு நேரடியாகப் பணம் தந்தது. டொரொன்டோவுக்கு 2023 டிசம்பரில் 47.1 கோடி டாலர் ஒப்பந்தமானது. ஒரே மனையில் ஆறு குடியிருப்பு வரை அனுமதிப்பது நகரம் ஏற்றுக்கொண்ட பணிகளில் ஒன்று.

2025 ஜூனில் அதற்கான தீர்மானம் நகரசபைக்கு வந்தபோது புறநகர் உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். ஒட்டாவாவின் நிதி குறையலாம் என்ற எச்சரிக்கை இருந்தும், நகரின் 25 வட்டங்களில் ஒன்பதில் மட்டுமே அனுமதி கிடைத்தது. எட்டு பழைய டொரொன்டோவும் கிழக்கு யார்க்கும் சேர்ந்த வட்டங்கள். ஒன்பதாவது, தமிழர் கணிசமாக வாழும் ஸ்கார்பரோ நார்த். அங்கே இந்த மாற்றம் ஏற்கெனவே வாழ்க்கையில் நடந்துவிட்டது. ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டின் பேஸ்மென்ட்டில் இன்னொரு குடும்பம், மேலே ஒரு மாணவர், வாசலில் நான்கு கார் என்று ஸ்கார்பரோ முப்பது ஆண்டுகளாக இருந்துவருகிறது. புதிதாக வந்தவருக்கு முதல் முகவரி பேஸ்மென்ட். வீட்டுக்காரருக்கு மோர்ட்கேஜ் கட்ட அந்த வாடகை. பல குடித்தனங்கள் அறைவாரியாகத் தங்கும் வீடுகள் ஸ்கார்பரோவில் சட்டப்படி தடைசெய்யப்பட்டிருந்தன. 2024 மார்ச் 31 அன்றுதான் நகரம் முழுவதற்கும் அனுமதி நடைமுறைக்கு வந்தது. அதுவரை அவற்றில் தங்கியவர்கள், தீப்பிடித்தால் தப்ப இரண்டாம் வழி இருக்கிறதா என்று புகார் சொல்லவும் அஞ்சி வாழ்ந்தார்கள். புகார் சொன்னால் வீடே போய்விடும். நாடாளுமன்ற விவாதங்களில் வரும் நெருக்கடி என்ற சொல்லுக்கு இவர்களே முகம்.

மே 31க்கு முன்

மீண்டும் மானியக் கோரிக்கைகளுக்கு வருகிறேன், ஏனென்றால் இனி செய்யக்கூடியது அங்கேதான் இருக்கிறது. கூட்டாட்சிச் செலவில் பாதிக்கு மேல் நிலையான சட்டங்களின்படி தானாகப் போவது. ஆண்டுதோறும் வாக்குக்கு வருவதில்லை. முதியோர் ஓய்வூதியம், மாகாணங்களுக்கான சுகாதார நிதி, கடன் வட்டி இவை அதில் சேரும். வாக்குக்கு வரும் மீதிப் பகுதியில் வீட்டுவசதிக் கழகத்துக்கான கோரிக்கையும் ஒன்று. பல நூறு கோடி டாலர் அந்த ஒரே வரியில் அடங்கும். பொருத்திப் பாருங்கள்: ஓய்வூதியம் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, வீடு ஆண்டுதோறும் கையேந்துகிறது. நாடாளுமன்றம் 2019இல் நிறைவேற்றிய தேசிய வீட்டுவசதி உத்திச் சட்டம், போதுமான வீட்டை மனித உரிமையாக ஏற்கிறது; ஆனால் அந்த உரிமைக்கு ஒரு டாலரையும் அது நிரந்தரமாகக் கட்டிவைக்கவில்லை.

1968 வரை முழு அவையும் குழுவாக அமர்ந்து கோரிக்கைகளை ஒவ்வொன்றாக விசாரித்தது. நேரம் வீணாகிறது என்று அந்த ஆண்டு விதி மாறியது. கோரிக்கைகள் நிலைக்குழுக்களுக்குப் போகும். மே 31க்குள் குழு பரிசீலித்து அறிக்கை தராவிட்டாலும் தந்ததாகவே கருதப்படும். இழந்ததற்கு ஈடாக எதிர்க்கட்சிகளுக்குத் தனி நாள்கள் கிடைத்தன. இப்போது ஆண்டுக்கு 22. அந்த நாள்களில் எதிர்க்கட்சி விரும்பிய பொருளில் தீர்மானம் கொண்டுவரலாம். வீட்டுவசதி பற்றிப் பலமுறை வந்திருக்கிறது; நாள் முழுவதும் உணர்ச்சிகரமான உரைகள் நிகழும். தீர்மானம் வென்றாலும் அரசைக் கட்டுப்படுத்தாது. அதே வரிசையின் கடைசி நாள் இரவில், மார்ச் 26, ஜூன் 23, டிசம்பர் 10 என்ற கெடுக்களுக்குள், பல்லாயிரம் கோடி டாலருக்கான நிதி மசோதாக்கள் மூன்று வாசிப்பையும் ஒரே மூச்சில் கடக்கின்றன. பேச்சுக்கு ஒரு நாள் முழுக்க, பணத்துக்குச் சில நிமிடம் என்ற இந்தப் பங்கீட்டை நான் கனடிய நாடாளுமன்றத்தின் மிகப் பெரிய குறையாகக் காண்கிறேன்.

சீர்செய்ய அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. ஆண்டுதோறும் இரண்டு துறைகளின் கோரிக்கைகளை முழு அவையும் குழுவாக அமர்ந்து தலா நான்கு மணி நேரம் விசாரிக்க இப்போதைய விதியே இடம் தருகிறது. எந்த இரண்டு என்று தேர்ந்தெடுக்கும் உரிமை எதிர்க்கட்சித் தலைவருடையது. அதில் ஒன்று வீட்டுவசதியாக இருக்கட்டும். பட்ஜெட் அதிகாரியின் கணக்கு வாக்குக்குப் பின் வராமல் முன்னரே மேசையில் இருக்கட்டும். அமைச்சரை உட்காரவைத்து, சென்ற ஆண்டு ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு செலவானது, எந்த ஊரில் எத்தனை கதவு திறந்தது, அந்தக் கதவுக்குள் போகிறவர் தன் வருமானத்தில் எத்தனை சதவீதம் வாடகையாகத் தருகிறார், நூனவுட்டுக்கு இந்தக் கோடையில் எத்தனை கப்பல் மரம் போகிறது, பணம் பெற்றும் விதியைத் தளர்த்தாத நகரங்கள் எவை என்று நான்கு மணி நேரம் கேட்கட்டும்.